நிறுத்தி நிறுத்திப் படம் பார்க்கிறவள்

எங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க யாரும் வருவதில்லை. "அவகூடப் பாத்தா ரெண்டரை மணி நேரப் படம் ரெண்டு நாளைக்கு ஓடும்" என்பார் அம்மா. உண்மைதான். விஎல்சி பிளேயரில் 'இ' விசையைத் தட்டினால் படம் ஒரு சட்டகம் மட்டும் நகரும். அதைக் கண்டுபிடித்த நாளோடு நான் கெட்டுப்போனேன். கதாநாயகன் முகத்தை எல்லோரும் பார்க்கும்போது நான் அவன் பின்னால் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பேன். வண்டி நம்பரைப் பார்ப்பேன். டீக்கடையில் எத்தனை விதமான டம்ளர் இருக்கிறது என்று எண்ணுவேன்.

சமூகப் பணி செய்கிறவள், சமூகவியலில் முதுகலை படித்தவள் என்றால் ஆவணப்படம் மட்டும்தான் பார்ப்பாள் என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். இல்லை தோழர்களே. நான் சுத்தமான சினிமாக் கிறுக்கு. 'காலா' ஜீப்பின் நம்பர் எம்எச் 01 பிஆர் 1956 என்பதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.ஆர். என்றால் யார், 1956 என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டியவருக்குத் தெரிந்திருக்காது. 'கபாலி'யில் ரஜினி சிறையில் வாசித்துக்கொண்டிருந்தது ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா' என்று பார்த்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கினேன். 'பரியேறும் பெருமாள்' கடைசியில் இரண்டு டீ கிளாஸ் இருக்கும். ஒன்றில் கடுங்காப்பி நிறம், ஒன்றில் பால் டீ, நடுவில் ஒரு பூ. தனிக்குவளை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

காலண்டரைப் பார்ப்பது வெட்டி வேலை என்று சொன்னவர்களுக்கு 2021 நவம்பரில் பதில் கிடைத்தது. 'ஜெய் பீம்' படத்தில் ஒரு போலீஸ்காரர் வீட்டுக் காலண்டரில் இருந்த அக்கினிக் குண்டத்துக்காக எவ்வளவு பெரிய சண்டை நடந்தது! கடைசியில் அந்தக் காலண்டரையே மாற்றினார்கள். சுவரில் தொங்குகிற காகிதத்தில் சாதி இருக்கிறது என்பதை நாங்கள் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்களும் எங்களைப் போலவே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சுவர் என்றதும் எனக்கு வேறொன்றும் ஞாபகம் வரும்.

நான் பிறந்தது 1989. எழுமலையில், அருந்ததியர் தெருவில். சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிற உத்தப்புரத்தில் சுவர் எழுப்பியதும் அதே 1989. சுமார் 600 மீட்டர் நீளம். தலித் மக்கள் பொதுப்பாதைக்கு வராமல் இருக்க ஊரே சேர்ந்து கட்டிய சுவர். எனக்கும் அதற்கும் ஒரே வயது. சின்னப்பிள்ளையில் உத்தப்புரம் வழியாகப் போகும்போது அது எனக்குச் சுவராகவே தெரியவில்லை. ஊர் என்றால் நடுவில் ஒரு சுவர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மதுரைக்குப் படிக்கப் போனபிறகுதான் எல்லா ஊரிலும் அப்படி இல்லை என்று தெரிந்தது. (எல்லா ஊரிலும் வேறு மாதிரி இருக்கிறது என்று அதற்கப்புறம் தெரிந்தது. அது தனிக் கதை.)

2008 ஏப்ரலில் அந்தச் சுவரின் மேல் மின்கம்பி போட்டிருக்கிற செய்தி வெளியே வந்தது. நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இரும்புக்கை மாயாவி. சிரிக்காதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் அந்தக் கதையோடுதான் தொடங்கியது. அதன் பழைய புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது, என் மாமா எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்தது, என்னிடம் இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்து போகும். எனக்கு மிகவும் பிடித்த சக்தி அது. மற்றப் பிள்ளைகள் பறக்க ஆசைப்பட்டார்கள், நான் மறைய ஆசைப்பட்டேன். மறைந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டில் "எந்தத் தெரு?" என்று யாரும் கேட்க முடியாது அல்லவா. பத்தொன்பது வயதில், எங்கள் பக்கத்து ஊரில் நம்மவர்கள் கண்ணில் படாமல் இருக்கவே சுவரில் கரண்டு விட்டிருக்கிறார்கள் என்று வாசித்தபோது, அந்த ஆசை போய்விட்டது.

மே 6 அன்று நிர்வாகம் சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. மறுநாள் பிரகாஷ் காரத் வந்தார். தொலைக்காட்சியில் உத்தப்புரம். விடுதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவர் இடிந்ததற்காக ஒரு பகுதியினர் ஊரைவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே மறுபடியும் கலவரம் வந்தது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போக 2011 நவம்பர் ஆகிவிட்டது.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். மே 6 சுவர் இடிந்தது. ஜூலை 4 'சுப்ரமணியபுரம்' வெளியானது. விடுதியே பைத்தியமாக இருந்தது. நானும்தான், அந்தப் படத்தின் 1980ஐ, சட்டைக் காலரை, திருவிழா விளக்குகளை இன்றைக்கும் நிறுத்திப் பார்க்கலாம். அதற்கு முந்தின ஆண்டு 'பருத்திவீரன்'. அதற்குப் பிறகு 'கோரிப்பாளையம்', உசிலம்பட்டியையே களமாக வைத்த 'சுந்தரபாண்டியன்', 'குட்டிப்புலி'. மதுரை என்றால் அரிவாள், மதுரை என்றால் பாசம், மதுரை என்றால் மீசை என்று தமிழ்நாடே எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டு வருடம். ஆய்வாளர்கள் கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ கோரிங்கும் இவற்றுக்கு 'மதுரை ஃபார்முலா படங்கள்' என்று பெயர் வைத்து 2017இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படித்தபோது, நான் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்திருந்ததை யாரோ ஒழுங்காக எழுதிவிட்டார்கள் என்று சந்தோஷமும் கொஞ்சம் பொறாமையும் வந்தது. அந்தப் படங்களில் எங்கள் புழுதி இருந்தது, எங்கள் பேச்சு இருந்தது, எங்கள் மந்தை இருந்தது. உத்தப்புரம் சுவர் மட்டும் ஒரு சட்டகத்தில்கூட இல்லை. 'இ' விசை தேய்ந்தும் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

சுவரை ஆறு வருடம் கழித்து வியாசர்பாடியில் பார்த்தேன். 2014 செப்டம்பர், பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்'. ஒரு அரசியல்வாதியின் முகம் வரைந்த சுவர். அதற்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிற இரண்டு தரப்பு. கடைசியில் அதன் மேல் கொட்டுகிற நீல வண்ணம். சென்னைத் தோழர்களுக்கு அது ஹவுசிங் போர்டு கதை. எனக்கு அது உத்தப்புரம். படம் முடிந்து எழுமலை பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன் என்று இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். சுவர் தானாக நிற்பதில்லை, அதைக் காப்பாற்ற ஆள் வேண்டும், அந்த ஆளாக நம் பையன்களையே பிடித்துக்கொள்வார்கள் என்பதை ஒரு வெகுமக்கள் படம், கார்த்தி நடித்த படம், பாட்டோடும் கால்பந்தோடும் சொன்னது.

இதுவரை சந்தோஷமான பகுதி. இனி எழுதுவதைத்தான் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டேன்.

நான் வேலை செய்கிற மாலை வகுப்புக்கு வருகிற பையன் ஒருவன். 2023இல் ஒன்பதாவது. பெயர் வேண்டாம், தம்பி என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டில் பாட்டி பன்றி வளர்க்கிறார். பள்ளியில் அவன் உள்ளே நுழையும்போது பின் பெஞ்சிலிருந்து மூக்கால் ஒரு சத்தம் வரும். யார் எழுப்பியது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. அவனுக்கு செல்போனில் அபாரமான கை. கைன்மாஸ்டரில் முப்பது விநாடிக்கு ஒரு 'எடிட்' செய்வான் பாருங்கள், தாளம் விழுகிற இடத்தில் சரியாக வெட்டு விழும். சினிமாப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதை அவன் ஓட்டைப் போனில் தானே கற்றுக்கொண்டான்.

2023 ஜூன் 29 அன்று மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. மறுநாள் ஜூன் 30, மேலவளவு முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997இல் வெட்டிக் கொன்ற நாள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதற்காக நடந்த கொலைகள். தேதி தற்செயலாகவே இருக்கட்டும், நான் அதை நோட்டில் எழுதி வைத்தேன். படமும் நாற்காலியைப் பற்றியது. எம்.எல்.ஏ.வாக இருக்கிற அப்பா ரத்னவேலு முன்னால் நிற்கிறார். மகன் உட்காரச் சொல்கிறான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எல்லாம் எங்கள் உசிலம்பட்டிப் பக்கம். 1996இல் தனி ஊராட்சிகளான பிறகு பத்து வருடம் அங்கே ஒழுங்கான தேர்தல் நடக்கவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டும். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிகளை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

இன்னொரு விவரம். அந்தப் படத்தின் கதாநாயகன் பன்றி வளர்க்கிறவன். உதயநிதி ஸ்டாலின், அப்போது மந்திரியாக இருந்தவர், பன்றிக்குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு திரையில் நிற்கிறார். எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். கடைசியில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். நிஜத்தில் 2012இலிருந்து 2021 வரை அந்த நாற்காலியில் இருந்த ப. தனபாலை நினைக்காமல் எங்கள் தெருவில் யாரும் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. தமிழ் சினிமாவில் தலித் கதை என்று வருவதிலும் அருந்ததியர் கதை அபூர்வம். அதனால் இந்தப் படம் எனக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியம்.

ஜூலை கடைசியில் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து என் போன் முழுக்க ரத்னவேலு. ஃபகத் ஃபாசில் நடந்து வருகிறார், ஃபகத் ஃபாசில் திரும்புகிறார், பின்னால் அவரவர் சாதிப் பாட்டு. ஒரே சட்டகத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஆதிக்க சாதியும் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. சாதி வெறியன் என்று காட்ட உருவாக்கிய பாத்திரத்தை மூன்றே நாளில் குலசாமி ஆக்கிவிட்டார்கள். பந்தயத்தில் தோற்றதற்காகத் தன் நாயையே அடித்துக் கொல்கிறவன் அவன். அந்தப் பகுதியை மட்டும் எல்லோரும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

நான்காம் நாள் தம்பியின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். ரத்னவேலு. மிக நல்ல எடிட். நான் பார்த்ததிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு இன்றும் வலிக்கிறது.

சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது.

"பிஜிஎம் மாஸா இருந்துச்சுக்கா."

"அவன் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா. ஆனா நம்ம ஆளு படம் முழுக்க நின்னுக்கிட்டேல்லக்கா இருக்காரு. இந்தாளுதான் நடக்குறான். நடந்தாத்தானக்கா எடிட் பண்ண முடியும்?"

சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து எண்ணினேன். அவன் சொன்னது பெரும்பாலும் சரி. கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிற கேமரா, மெதுவான நடை, வெளிச்சத்தில் ஒரு பக்க முகம் எல்லாம் ரத்னவேலுவுக்குத்தான் கூடுதல். வடிவேலுவுக்கு முகத்தின் நெருக்கம் கிடைத்தது, கண் கிடைத்தது, மௌனம் கிடைத்தது. எங்கள் மதுரைக்காரர் அந்த மௌனத்தில் செய்ததை வேறு யாரும் செய்ய முடியாது. ஆனால் மௌனத்தை ஸ்டேட்டஸில் வைக்க முடியாது.

'மாஸ்' என்கிற அந்த இலக்கணம் வெறும் பாத்திரம் இல்லை, யாரை ஊற்றினாலும் கொள்ளும் என்பதற்கு. 1992 'தேவர் மகன்' தொடங்கி மதுரை ஃபார்முலா படங்கள் வரை மீசைக்கும் நடைக்கும் அரிவாளுக்கும் பழக்கப்பட்டுப் போன இலக்கணம் அது. 'தேவர் மகன்' இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். இசக்கியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார், சரி. ஆனால் எதிரில் நிற்கிறவனுக்கு அதே பழைய நடையைக் கொடுத்தால் பார்வையாளன் பழகிய பக்கம் போய்விடுகிறான். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது: "நம்ம ஆளையே குறை சொல்லாதீங்க." குறை சொல்லவில்லை. எதிரியைக் கேலிச்சித்திரமாகக் காட்டாமல் நிஜமாகக் காட்டியது நேர்மைதான். என் தெருவில் அந்த நேர்மைக்கு ஒரு விலை இருந்தது, அதையும் எழுதி வைக்க வேண்டும்.

அந்த ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். படம் பார்த்து வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள். கையில் சாதிக் கயிறு கட்டுகிற பள்ளிக்கூடம் சினிமாவுக்கு முன்னாலேயே இருந்தது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அந்தக் கயிற்றையும் பொட்டையும் தடுக்கச் சொன்னது. ஸ்டேட்டஸை எந்தக் குழுவும் தடுக்க முடியாது. கயிற்றை வாசலில் கழற்றிவிட்டு, பையில் இருக்கிற போனில் ரத்னவேலுவோடு வகுப்புக்குள் போகலாம்.

பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி வந்தால் எங்கள் பக்கம் ஒலிபெருக்கியில் 'தேவர் மகன்' பாட்டு ஓயாது. எங்கள் தெருவில் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். இசை யாருடையது? தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் நம்மைப் போன்ற வீட்டில் பிறந்த இளையராஜாவுடையது. இதை நான் பத்து வயதில் கேள்விப்பட்டபோது நம்பவில்லை. இப்போதும் அந்தப் பாட்டின் தாளத்துக்கு என் கால் ஆடுகிறது, கை கதவைச் சாத்துகிறது. 'நட்சத்திரம் நகர்கிறது' தொடக்கத்திலேயே ரெனே இளையராஜா பாட்டைப் பாட, காதலன் எரிச்சல்படுவான்; அங்கிருந்துதான் அந்தச் சண்டை கிளம்பும். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர்கள் 'இதுக்குப் போய் சண்டையா' என்று சிரித்தார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் நிஜமாகத் தெரிந்தது அந்தச் சண்டைதான். துஷாரா விஜயனின் ரெனே எனக்கு வேறு காரணத்துக்காகவும் பிடிக்கும். நம் படங்களில் நம் பெண்கள் பெரும்பாலும் அழுகிறார்கள், இல்லையென்றால் கட்டிக்கொண்டவனைத் திருத்துகிறார்கள். ரெனே யாரையும் திருத்த வரவில்லை. சாப்பிடுகிறாள், காதலிக்கிறாள், விட்டுப்போகிறாள், வாதாடுகிறாள். நடை அவளுக்கும் இருக்கிறது, ஆனால் அவளை யாரும் எடிட் பண்ணவில்லை. தம்பியிடம் கேட்டேன், "அது ஏ படம்க்கா" என்று நழுவினான்.

2024 ஆகஸ்டில் 'வாழை' வந்தது. மாலை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ரஜினி ரசிகன் சிவனணைந்தானும் கமல் ரசிகன் சேகரும் சண்டை போடுவதற்குத் தியேட்டரே சிரித்தது; எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான், விஜய்க்கும் அஜித்துக்கும். இரண்டாம் பாதியில் ஒருவரும் பேசவில்லை. அந்தப் படத்தில் மாஸ் கிடையாது, வாழைத்தார் சுமக்கிற பையனின் கழுத்து வலிதான் இருக்கிறது. திரும்பி வரும்போது தம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். "நல்லா இருந்துச்சாடா?" என்றேன். "எங்க பாட்டிக்கும் கழுத்து வலிக்கும்க்கா" என்றான். அவ்வளவுதான்.

போன அக்டோபரில் 'பைசன்' பார்த்துவிட்டு அவன் கிட்டானை எடிட் செய்தான். துருவ் ஓடுகிறான், கபடிக் கோட்டைத் தொடுகிறான். இந்தத் தடவை நம் ஆளுக்கு நடை மட்டுமில்லை, ஓட்டமும் இருக்கிறது. பின்னால் நிற்பது மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், நிஜ மனிதர். 'பருத்திவீரன்' எடுத்த அமீர் இந்தப் படத்தில் நடித்திருக்கிறார் என்பதை நான் வகுப்பில் கால் மணி நேரம் விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து அவன் போனை என்னிடம் நீட்டினான். நாற்பது விநாடி. விடியற்காலை, கண்மாய்க்கரை, பனி. பாட்டி கையில் கம்பு. அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பன்றிகள். கேமராவைத் தரையில் வைத்து எடுத்திருக்கிறான், பாட்டியின் தலை வானத்தை முட்டுகிறது. மெதுவான நடை. பறையை அவனே தட்டிப் பதிவு செய்திருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால் விழுகிறது. கடைசியில் பாட்டி கேமராவைப் பார்த்து, "தள்ளி நில்லுடா, முட்டிரும்" என்கிறார். அந்த இடத்தில் வெட்டு.

நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவன் போனில் 'இ' விசை கிடையாது, விரலால் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஸ்டேட்டஸ் வச்சியாடா?"

"வச்சிருக்கேன்க்கா."

"எத்தனை பேரு பாத்தாங்க?"

"பதினொன்னு. நம்ம தெரு, சொந்தக்காரங்க, நீங்க. ஸ்கூல் பயலுகளுக்கு மட்டும் தெரியாத மாதிரி மறைச்சு வச்சிருக்கேன்க்கா."